ஈரமான ஷேவிங் பிரஷ்

இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்துபோன பிறகு உண்டான மூன்றாவது கரு. மனைவி முழுகாமல் இருக்கும்போது கணவன் சவரம் செய்யக் கூடாது என்ற வழக்கத்தை நாகப்பன் ஒரு நாளும் மீறவில்லை. ஏழாவது மாதத்தில் தாடி நெஞ்சைத் தொட்டது. சும்மா இருக்கப் பிடிக்காத வசுமதி, டிரங்குப் பெட்டியில் கிடந்த மாமனாரின் ஷேவிங் பிரஷ்ஷை எடுத்தாள். அவள் மருமகளாக வருமுன்பே இறந்துபோன மனிதர் அவர். பிரஷ்ஷை வினிகரில் ஊறவைத்து, கல்லாகிப்போன சோப்பைச் சுரண்டினாள். தளர்ந்திருந்த மயிர்க்கற்றையை நூலால் கட்டி, கொம்புப் பிடிக்குள் பசை வைத்து இறுக்கினாள். குழந்தை பிறந்ததும் நாகப்பனிடம் கொடுக்கலாம் என்று அலமாரியில் நிற்கவைத்தாள். மறுநாள் காலை அது ஈரமாக இருந்தது. அதற்கடுத்த நாள் நுரையோடு இருந்தது.

"என்னங்க, மறைக்காமச் சொல்லுங்க. ஷேவ் பண்ணீங்களா?"

"ஏன்டி, ஆபீஸ்ல சாமியார்னே பேர் வச்சுட்டானுங்க. நம்பலைன்னா தொட்டுப் பாரு."

சிரித்தபடி அவள் கையை இழுத்துத் தாடிக்குள் வைத்துக்கொண்டான். இடது தாடைக்கு அடியில், அடர்ந்த மயிருக்குள், இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் வழவழவென்றிருந்தது. சோப்பின் ஈரம் இன்னும் காயவில்லை.

"என்ன, இப்பவாவது நம்புறியா?"

அவனுக்கு எதுவும் தெரியாது என்பது அவன் கண்ணிலேயே தெரிந்தது. வசுமதி மற்றொரு கையை வயிற்றின் மேல் வைத்து, காலையிலிருந்து வராத அசைவுக்காகக் காத்திருந்தாள்.