சீனியருக்கு ஏற்ற புத்தகம்

"பத்து வருஷ சர்வீஸ்னு சொல்லிட்டு, பட்டனை அமுக்கினா என்ன ஆகும்னு சொல்லித் தர்ற புக்கைக் கேக்குறியேம்மா!"

திருவனந்தபுரம் ஸ்டாச்சு ஜங்ஷன் புத்தகக் கடையில் தளவாய் போட்ட சத்தத்தில், சமையல் புத்தகம் புரட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

அனுஷா அலமாரிக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு புத்தகம் விரிந்து கிடந்தது.

"எனக்கு அது சரியாத் தெரியலை அண்ணா. சத்தியமா."

தளவாய்க்கு உள்ளுக்குள் ஒரே குஷி. கழக்கூட்டம் ஆபீஸில் அவர்தான் டீம் லீட். கொச்சி ஆபீஸிலிருந்து மாற்றலாகி வந்திருக்கும் இவள் எப்படிப்பட்டவளோ, நம் நாற்காலிக்கு வேட்டு வைப்பாளோ என்று பயந்துகொண்டிருந்தார். இவ்வளவுதானா!

புத்தகம் வாங்க வேண்டி வந்ததே ஒரு படகால்தான். ஆலப்புழை படகுவீட்டுக் கம்பெனி ஒன்றுக்கு தளவாயின் டீம் எழுதிக் கொடுத்த வெப்சைட், ஒரே படகை ஒரே நாளில் ரெண்டு புதுமண ஜோடிக்குக் கொடுத்துவிட்டது. மாப்பிள்ளைகள் படகுத்துறையில் ஒருத்தர் சட்டையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு நின்ற வீடியோவை ஊரே பார்த்துச் சிரித்தது.

மேனேஜர் அனில் கூப்பிட்டு விட்டார்.

"வெப் புரோகிராமிங்ல ஆழமா ஒரு புக் வாங்குங்க. சீனியர்ஸ் படிக்கணும். அனுஷாவையும் கூட்டிட்டுப் போங்க."

"புக் எதுக்கு சார் இந்தக் காலத்துல? ஏஐகிட்ட கேட்டாச் சொல்லிடுமே."

"அதுகிட்ட கேட்டுத்தானே ரெண்டு ஜோடியை ஒரே பெட்ரூம்ல விட்டீங்க?"

தளவாய் அனுஷாவைக் கூட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பி வந்துவிட்டார்.

அவர் புத்தகம் தேர்ந்தெடுப்பது, தேங்காய் வாங்குகிற மாதிரிதான். கையில் தூக்கிப் பார்ப்பார், முதுகில் தட்டிப் பார்ப்பார். இருப்பதிலேயே குண்டான ஒன்று அவர் கக்கத்தில் ஏற்கெனவே ஏறிவிட்டது.

"இதைப் பாரு. மேஜை மேல வச்சாலே க்ளையன்ட் பயப்படுவான்."

"அதையும் பார்த்தேன் அண்ணா. ஒரே நேரத்துல ரெண்டு பேர் புக் பண்ணா என்ன செய்யணும்னு தேடினேன். அரைப் பத்திதான் இருக்கு. 'கவனமாக இருக்கவும்'னு சொல்லி முடிச்சிட்டாங்க. இதுல அதுக்குன்னே ஒரு பெரிய அத்தியாயம்."

"பட்டன்லேர்ந்துல்ல ஆரம்பிக்குது!"

"நம்ம தப்பும் அங்கேர்ந்துதானே அண்ணா ஆரம்பிச்சுது?"

தளவாய் யோசித்தார். அனில் கேட்டால் இவளைக் கை காட்டிவிடலாம்.

"சரி, வாங்கு. ஆனா இது உனக்காக வாங்கினதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிடுவேன். என் மானம் போகக் கூடாது."

"தாராளமாச் சொல்லுங்க அண்ணா."

சொன்னார். லிஃப்டில் சொன்னார், கேன்டீனில் சொன்னார், கேட்காதவர்களையும் நிறுத்தி வைத்துச் சொன்னார். டீமின் மற்ற சீனியர்களான சாயும் பிபினும் சிரித்த சிரிப்பில் பிபினுக்குப் புரையேறிவிட்டது.

அனுஷா அசரவில்லை. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் புத்தகத்தோடு வந்து நின்றாள்.

"தனியாப் படிச்சா எனக்கு மண்டையில ஏறலை. யாராவது கூட உக்காந்து சொல்லித் தரீங்களா?"

சொல்லித் தருவதென்றால் தளவாய்க்குச் சோறு கூட வேண்டாம். உட்கார்ந்தார். வேடிக்கை பார்க்க சாயும் பிபினும் டிபன் பாக்ஸோடு வந்தார்கள்.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பட்டனை அமுக்கினா, படகு யாருக்கு அண்ணா?"

"இதென்ன கேள்வி? முதல்ல அமுக்கினவனுக்கு."

"ரெண்டு பேருக்குமே படகு காலியா இருக்குன்னுதானே அந்த நேரத்துல தெரியும்?"

"அது... சர்வர் பார்த்துக்கும்."

"எப்படிப் பார்த்துக்கும்?"

தளவாய் டிபன் பாக்ஸை ஒதுக்கி வைத்தார். "புக்கை இங்க தள்ளு" என்றார்.

அப்புறம் தினமும் இதே கதைதான். அவள் அசட்டுக் கேள்வியாகக் கேட்பாள். இவர்கள் விளக்க ஆரம்பித்துப் பாதியில் மாட்டிக்கொள்வார்கள். அவளுக்குத் தெரியாமல் வீட்டில் படித்துவிட்டு வந்து, மறுநாள் பிறவியிலேயே தெரிந்த மாதிரி பேசுவார்கள். சாய் சாம்பார் சிந்திய பக்கத்தைத் துடைத்துத் துடைத்துப் படித்தான். "முதல்ல வர்றவனுக்குப் படகைப் பூட்டிடணும், அடுத்தவனை வாசல்ல நிறுத்தணும்" என்று பிபின் மேஜையைக் குத்தினான்.

படகுக் கோளாறை தளவாயே தன் கையால் சரி செய்தார். க்ளையன்ட் போனில் கூப்பிட்டுப் பாராட்டினார்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தளவாய் அனில் அறைக்குப் போனார்.

"சார், கோளாறு சரியாயிடுச்சு. அனுஷாவையும் ஒரு வழியாத் தேத்திட்டோம். ஆரம்பத்துல ரொம்ப மந்தம். எங்ககூட உக்காந்து உக்காந்து இப்பக் கொஞ்சம் பிடிபடுது. புருஷன், பிள்ளைன்னு இருக்கிற பொண்ணு. வேலையை விட்டு அனுப்பிடாதீங்க சார், பாவம்."

அனில் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"யாரை? அனுஷாவையா? தளவாயே, கொச்சியில சீனியர்களுக்கு இதே புக்கை வச்சு கிளாஸ் எடுத்ததே அவங்கதானே! உங்களுக்கும் எடுக்கணும்னுதான் நான் இங்க வரவழைச்சேன்."

"அப்போ... எங்களுக்கு எப்ப சார் கிளாஸ்?"

"அதையும் அவங்ககிட்டயே கேட்டேன். 'கிளாஸ்னு போர்டு வச்சா சீனியர் ஒருத்தரும் வர மாட்டாங்க சார், ஒண்ணும் தெரியாத மண்டு ஒருத்தி வந்து நின்னா, சொல்லித் தர சோத்தைப் போட்டுட்டு ஓடி வருவாங்க'ன்னாங்க!"