சிப்பின் மேல் எழுதிய வேகம்

தொண்ணூற்றெட்டு மே மாத மத்தியானம். அபிராமபுரத்தில் எங்கள் ஹாலில் மூடி கழற்றிய கம்ப்யூட்டர் கக்குகிற சூட்டில் ஒரு கல்யாணத்துக்கே அப்பளம் பொரிக்கலாம். அதன் நெற்றியில், விற்ற மதிவாணன் தன் மகள் பெயரில் ஒட்டிய ஸ்டிக்கர்: 'நிலா கம்ப்யூட்டர்ஸ்'. வேகத்தைச் சோதிக்க மருமகள் நீரஜா லினக்ஸ் கர்னல் என்கிற ராட்சத புரோகிராமை முழுசாகத் தொகுக்கச் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கிறாள். ஏழாவது நிமிஷம் திரை உறைகிறது, மூன்றாவது தடவையாக. "சிப்பு மேலயே எரநூத்தி முப்பத்திமூணு மெகாஹெர்ட்ஸ்னு போட்டுகீது மேடம், அது பொய்யா சொல்லும்?" என்கிறான் மதிவாணன். அவள் வேகத்தை நூற்று அறுபத்தாறாகக் குறைக்கிறாள். இப்போது எழுத்துகள் அடைமழையாகக் கொட்டி, தொகுப்பு கடைசிவரை முடிகிறது. "இதோட நிஜ வேகம் இவ்வளவுதான், மதிவாணன்." அவன் மெஷினை அணைத்து, சிப்பை எடுத்து, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் தேய்க்கிறான். 233 கண்மையாய்க் கரைகிறது. அடியில் 166 பல்லிளிக்கிறது. "எவனோ அழிச்சி எழுதுன இதே லாட்டு சிப்புல நாப்பது மெஷின் போட்டு வித்துக்கீறேன் சார். எல்லாத்துலயும் என் பொண்ணு பேரு." ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் சுரண்டுகிறான். ஒரே துடைப்பில் போன எண் பஞ்சில் கிடக்கிறது. பெயர் வர மாட்டேன் என்கிறது.