ராசியில்லாத ரசிகர்

“இந்த சீசன்ல நாற்பத்தோரு ஆட்டத்துக்குப் போனேன், முப்பத்தாறுல தோத்தாங்க. நான் போகாதப்பல்லாம் ஜெயிச்சாங்க!” பேஸ்பால் குறிப்பு நோட்டைப் பட்டென்று மூடினார் வெண்டல். “ஒரே ஆட்ட வித்தியாசத்துல கோப்பை பக்கத்து ஊரு மில்லர்ஸுக்குப் போச்சு. நம்ம ஹெரன்ஸ் டீமுக்காக உசுரையே கொடுத்தேன். என் மூஞ்சியிலயே கரியைப் பூசிட்டானுங்க.”

மனைவி லொரெட்டா காப்பியை நீட்டினாள். “அவங்களுக்கு ஆடத் தெரியலைன்னா நீ என்ன பண்ணுவ?”

“இல்ல லொரெட்டா, எனக்குத்தான் ராசி இல்ல. இனிமே மைதானத்துப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டேன். அவங்களாவது ஜெயிக்கட்டும்.” டீம் தொப்பியை மனசில்லாமல் கழற்றி வைத்தார் கிழவர். ஐம்பது வருடப் பழக்கம் அல்லவா!

லொரெட்டா பதறிப்போனாள். “பைத்தியமா உனக்கு? நீ போகலைன்னா அந்தப் பசங்களுக்கு யாரு இருக்கா? முப்பது வருஷமா உன் பிறந்தநாளுக்கு நான்தானே சீசன் டிக்கெட் எடுத்துத் தரேன்? அடுத்த வருஷமும் தரேன். ஒரு ஆட்டம்கூட விடக் கூடாது!”

வெண்டலுக்குக் கண் கலங்கியது. டீம் கைவிட்டால் என்ன, இவள் இருக்கிறாளே!

அடுப்பைப் பார்க்க அவள் உள்ளே போனதும் அவளுடைய போன் அடித்தது. வெண்டல் எடுத்தார். அவர் வாய் திறப்பதற்குள் மைத்துனி ஆர்லீன் கொட்டித் தீர்த்தாள்.

“அக்கா, கோப்பை நமக்குத்தான்! இங்க ஊரே ஆடுது. உன் புருஷனுக்கு அடுத்த வருஷ டிக்கெட்டும் மறக்காம எடுத்துடு. மனுஷன் வீட்டுல உட்கார்ந்துட்டா நம்ம மில்லர்ஸ் கதி என்னாகும்!”

“போன்ல யாரு?” உள்ளேயிருந்து கேட்டாள் லொரெட்டா.

“உன் டீம்,” என்றார் வெண்டல்.