விசுவாசப் பங்கீடு

கதவு தட்டப்பட்டபோது எந்த மகனை அனுப்புவது என்று ஜவுளிக்கடை முதலாளிக்குப் புரியவில்லை.

கவர்னரின் சிப்பாய்கள் என்றால் மூத்தவன் போக வேண்டும். புரட்சிக்காரர்கள் என்றால் இளையவன். தட்டுகிற விதத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று கதவில் காதை வைத்தார். முரட்டுத்தனமாகத் தட்டினார்கள். இரண்டு தரப்புமே அப்படித்தான் தட்டும்.

துறைமுகத்தில் முதல் துப்பாக்கி வெடித்த அன்றே, கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து, சொத்துப் பிரிப்பது போலப் பிரித்துக் கொடுத்திருந்தார். யார் ஜெயித்தாலும் துணிக்கிடங்கு தப்ப வேண்டும்.

கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ராஜா மூத்தவனுக்கு. அவன் தொப்பைக்குத்தான் கோட்டு எடுப்பாக இருந்தது. புரட்சி இளையவனுக்கு, வேலைவெட்டி இல்லாமல் ஏற்கெனவே தாடி வளர்த்திருந்தான். மாப்பிள்ளைக்கு நடுநிலை. அதற்காக அவர் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

சிக்கல் எங்கே வந்தது என்றால், பையன்கள் இரண்டு பேரும் கொடுத்த வேலையை மனசுக்குள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ராஜாவின் பிறந்தநாளுக்கு மூத்தவன் நிஜமாகவே கண் கலங்கினான். இளையவன் அண்ணனோடு ஒரே மேஜையில் சாப்பிட மாட்டேன் என்று தட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனான்.

“டேய், நடிக்கச் சொன்னா நம்பித் தொலைக்கிறீங்களேடா!” என்று முதலாளி தலையில் அடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

மறுபடியும் தட்டினார்கள்.

ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தார். சிப்பாய்களின் சிவப்புக் கோட்டு இல்லை. புரட்சிக்காரர்களின் பச்சை நாடாவும் இல்லை. சட்டையே இல்லாத தோள்கள். அந்தத் தோள்களில் பாதி அவருக்கு நன்றாக அடையாளம் தெரிந்தது. அவருடைய துணிப்பொதிகளைத் தினமும் சுமக்கிற தோள்கள். முகங்களைத்தான் முன்னே பின்னே பார்த்ததாக நினைவில்லை.

“கவர்னர் கப்பலேறிட்டாரு,” என்று வெளியிலிருந்தே குரல் கொடுத்தார் மூட்டை தூக்குகிறவர்களின் மேஸ்திரி. “புரட்சிக்காரங்க கோட்டைக்குள்ள, அவரு நாற்காலியில யாரு உட்காருறதுன்னு சட்டையைக் கிழிச்சுக்கிறாங்க. ஊரு இப்ப எங்க கையில. எங்க தெரு ஆளு யாராவது இந்த வீட்டுக்காக ஒரு வார்த்தை பேசினா கிடங்கைத் தொட மாட்டோம். இல்லேன்னா பூட்டை உடைப்போம்.”

முதலாளி ராஜாவையும் புரட்சியையும் நடுநிலையையும் மாறி மாறிப் பார்த்தார். மூவரும் அவரையே பார்த்தார்கள்.

“இந்தப் பக்கத்துக்கு நாம யாரையுமே போடலையேடா,” என்றார், அழாத குறையாக.

அப்போது அடுப்படியில் பாத்திரம் உருண்ட சத்தம் கேட்டது.

சமையல்காரி!

மேஸ்திரியின் தெருவிலிருந்துதான் அவள் வேலைக்கு வருகிறாள். விசுவாசம் என்றால் அப்படியொரு விசுவாசம். வீடே காய்ச்சலில் விழுந்து சொந்தக்காரர்கள் வாசலோடு திரும்பிப் போனபோது, கூடவே இருந்து அத்தனை பேரையும் தேற்றி எடுத்தவள். கவர்னர் மாளிகை விருந்தில்கூட முதலாளி அவளைப் பற்றிப் பெருமையடித்திருக்கிறார். அவள் பேரென்ன என்று யாரோ கேட்டபோதுதான் கொஞ்சம் தடுமாறிப் போனார்.

வாசல் கதவை விரியத் திறந்துவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பினார். “அக்கா! இப்படிக் கொஞ்சம் வாங்கக்கா!”

அவருடைய மகளைவிட அவள் சின்னவள்.

“இவங்க எனக்குக் கூடப்பிறந்தவங்க மாதிரி. மாதிரி என்ன மாதிரி, கூடப்பிறந்தவங்களேதான். நம்ம வீட்டைப் பத்தி நீங்களே சொல்லுங்கக்கா.”

ஈரக் கையைத் துடைத்தபடி அவள் வந்தாள். அக்கா என்று யாரைக் கூப்பிடுகிறார் என்று ஒரு கணம் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பிறகு முதலாளியைத் தாண்டி நேராக மேஸ்திரியிடம் போய் நின்றாள்.

“என்னண்ணே இது? ‘ஒருவேளை முதலாளிமாருங்களே ஜெயிச்சிட்டா என்ன பண்றது, நம்ம ஆளுங்கள்ல ஒருத்தர் அவங்களுக்கு விசுவாசமா இருக்கணும்’னு நீங்கதானே என்னை இந்த வீட்டுக்குப் போட்டீங்க? இருந்தேன்ல? இதுக்கு மேல என்னால முடியாதுண்ணே. வேற யாரையாவது போடுங்க.”

மேஸ்திரி பிடரியைச் சொறிந்தார். அவள் சொல்வதில் நியாயம் இருப்பதாகத்தான் அவருக்கும் பட்டது.

கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “யாருப்பா, இந்த வீட்டுக்கு அடுத்து விசுவாசமா இருக்கப் போறது?”

முதலாளி வாசற்படியில் எம்பி நின்று, ஒவ்வொரு முகமாக ஆசையோடு பார்த்தார்.

அத்தனை பேரும் ஒரே சமயத்தில் தரையில் எதையோ தேட ஆரம்பித்தார்கள்.