அறுபத்தொன்றாவது அர்த்தம்

"இது அகராதியா, இல்ல வேலைக்காரியோட நோட்டுப் புத்தகமா?"

ஆசிரியர்களில் ஒருவரான டாக்டர் பெல்லமி தாள்களை மேஜைமேல் வீசினார். கூட்ட அறையிலிருந்த ஆண்கள் ஐந்து பேரும் சிரித்தார்கள். ஹில்டா கார்சைட் சிரிக்கவில்லை. அறையில் ஒரே பெண் அவள்தான்.

ஆங்கில அகராதி அலுவலகத்தில் பதின்மூன்று வருஷமாகச் சான்று வாக்கியம் எழுதிய சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவளுக்கு முதல்முறையாக ஒரு சொல்லைக் கொடுத்திருந்தார்கள். அதுவும் அத்தனை ஆண்களும் எனக்கு வேண்டாம், எனக்கு வேண்டாம் என்று ஒதுக்கிவைத்த சொல். 'டர்ன்'.

குட்டி வினைச்சொல்தான். ஆனால் தலை திரும்பினாலும் டர்ன், பால் திரிந்தாலும் டர்ன், இலை பழுத்தாலும் டர்ன். பதினான்கு மாதம் மல்லுக்கட்டி, அறுபத்தொரு அர்த்தம் பிரித்து எழுதியிருந்தாள் ஹில்டா.

இன்றைக்குக் கூட்டம் ஒப்புக்கொண்டால் அகராதியின் முதல் பக்கத்தில், ஆசிரியர்கள் வரிசையில், அவள் பெயரும் ஏறும். ஒரே ஒரு அர்த்தம் இடறினால் போதும், மொத்தச் சொல்லும் கைமாறிவிடும். அந்த ஆபீஸின் வழக்கம் அது. வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தவர் பெல்லமி. கஷ்டமான வேலையெல்லாம்தான் முடிந்துவிட்டதே!

"காலரை டர்ன் பண்றதாம், மெத்தையை டர்ன் பண்றதாம்! யாருக்கு வேணும் இதெல்லாம்?"

"சட்டைக் காலர் நைஞ்சு போனா வீட்டுல பிரிச்சு, உள்பக்கத்தை வெளியே வச்சுத் தைச்சுத் தர்றாங்களே, அதுக்கு நீங்க என்ன பேரு சொல்வீங்க டாக்டர்?" என்றாள் ஹில்டா.

தலைவர் விட்கோம்ப் தன் காலரை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

"காலர் இருக்கட்டும். மெத்தையும் இருந்துட்டுப் போகட்டும். மேலே போங்க, மிஸஸ் கார்சைட்."

ஒவ்வொன்றாகத் தாண்டிக் கடைசி அர்த்தத்துக்கு வந்தாள். காலுறை பின்னும்போது, நேராக இறங்கிவரும் பின்னலைக் குதிகாலில் வளைத்துப் பாதத்துப் பக்கம் கொண்டுபோவது. அதுவும் டர்ன்தான்.

"சான்று?" என்றார் பெல்லமி.

அங்கே ஒரு அர்த்தத்துக்கு மூன்று சீட்டு வேண்டும். மூன்றும் அச்சில் வந்த வாக்கியமாக இருக்கவேண்டும், வேறு வேறு ஆட்கள் எழுதியிருக்கவேண்டும்.

"ஒண்ணு, பள்ளிக்கூடத் தையல் புத்தகம். ரெண்டு, ஒரு பாதிரியாரோட மனைவி எழுதின கடிதங்கள். மூணு, யுத்த காலத்துல வந்த கையேடு, 'படைவீரர்களுக்குக் காலுறை'. எழுதியவர், ஒரு பழைய சிப்பாய்."

"பேரு?"

"போடலை."

"பேரில்லாத சீட்டு செல்லாது!" பெல்லமி எழுந்தே விட்டார். "முதல் ரெண்டு பேர்ல ஒருத்தியே இதையும் எழுதியிருந்தா? சிப்பாயாம், சிப்பாய்! எந்த ஆம்பளை ஊசியைத் தூக்கிக்கிட்டு உக்காந்து காலுறை பின்னுவான்? யாரோ வேலையத்த பொம்பளை மீசை ஒட்டிக்கிட்டு எழுதியிருக்கா!"

மறுபடி சிரிப்பு.

"பதிப்பகத்துக்கு எழுதிக் கேட்டிருக்கேன். ரெண்டு வாரம் ஆச்சு."

"பதில் வந்ததா?"

"இன்னும் இல்லை."

"அப்புறம் என்ன? தலைவரே, சொல்லை என் பேருக்கு மாத்திடுங்க."

விட்கோம்ப் தயங்கித் தயங்கிப் பேனாவைத் திறந்தார். ஹில்டா தன் தாள்களைப் பார்த்தாள். பதினான்கு மாதம்!

மணி பதினொன்று. டைப்பிஸ்ட் மேவிஸ் டீ வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வழக்கம்போல அன்றைய இரண்டாவது தபாலும் அதிலேயே வந்தது.

"உனக்குத்தான் ஹில்டா. பதிப்பகத்து முத்திரை போட்டிருக்கு."

ஹில்டா பிரித்தாள். படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள்.

"என்ன, கையை விரிச்சுட்டாங்களா?" என்றார் பெல்லமி, சர்க்கரையைக் கலக்கியபடி.

"பேரு குடுத்திருக்காங்க."

"நல்லது. உரக்கப் படிங்க" என்றார் தலைவர்.

ஹில்டா வாயைத் திறந்தாள். என்ன நினைத்தாளோ, மூடிக்கொண்டாள். கடிதத்தை மடித்து பெல்லமி பக்கம் தள்ளினாள்.

"ஆட்சேபம் டாக்டரோடது. அவரே பார்த்துச் சொல்லட்டும்."

பெல்லமி பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். டீயில் ஏடு கட்டிவிட்டது.

"என்னங்க, சான்று செல்லுமா, செல்லாதா?" என்றார் தலைவர்.

"செல்லும்." பெல்லமி கடிதத்தை மடித்துக் கோட்டுப் பையில் வைத்தார்.

"மத்த ரெண்டு பேர்ல யாரும் இல்லையே?"

"இல்லை."

"நிஜமாவே சிப்பாய்தானா?"

"சிப்பாய்தான். கால்ல குண்டு பட்டு ஏழு மாசம் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ கத்துக்கிட்டது."

"அப்ப விவகாரம் முடிஞ்சது." விட்கோம்ப் கையெழுத்தைப் போட்டார். "அறுபத்தொண்ணும் ஏறுது. வாழ்த்துகள், ஆசிரியர் கார்சைட்!"

ஐந்து பேரும் எழுந்து நின்று கைகுலுக்கினார்கள். பெல்லமியும்தான்.

வராந்தாவில் மேவிஸ் விடவில்லை. "ஏய், அந்த மனுஷன் ஏன் அப்படி வெளுத்துப் போனார்? கடுதாசியில யார் பேருதான் இருந்துச்சு?"

"எனக்கு வேண்டியது மூணாவது சீட்டு. கிடைச்சிருச்சு. வா, இன்னிக்கு கேக் என் செலவு."

கடிதம் பெல்லமியின் கோட்டுப் பையிலேயே தங்கிவிட்டது. ஆஸ்பத்திரியைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. இருந்தது இரண்டே வரி:

'கையேட்டை எழுதியவர் டாக்டர் ஆம்ப்ரோஸ் பெல்லமி. தம் பெயர் வெளியே தெரியக்கூடாது என்று அப்போது கேட்டுக்கொண்டார்.'