கொரியாவில் ஒரு குடும்ப உலா

"நாளைக்குக் கொரியாவில பெரிய பூங்காவுக்குப் போறம். ரெண்டு வருசத்துக்குப் பிறகு குடும்பமா ஒரு நாள், ஒருத்தரும் கெடுக்கப்படாது," என்றான் நல்லரத்தினம்.

"புட்டுக் கட்டட்டா?" என்று கேட்டாள் மனைவி கண்ணகை.

"ஓம், எல்லாரும் ஒண்டாச் சாப்பிடுவம்."

"அப்பா, தலைகீழாச் சுத்திற ரயிலுக்கும் போவமா?" என்று குதித்தாள் மகள் சுகந்தி.

"எனக்கெண்டாப் பயம்," என்றாள் கண்ணகை.

"என்னையே கட்டின ஆள், இதுக்கா பயப்படுற?"

மறுநாள் ரயில் உச்சிக்குப் போய்ச் சரேலென்று கவிழ்ந்தது. நல்லரத்தினத்தின் அலறல் காதைப் பிளந்தது. கண்ணகை கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"ஐயோ, நிப்பாட்டச் சொல்லுங்க!"

"அம்மா, கண்ணைத் திறங்க. அப்பா மட்டும்தான் கொரியாவில. நாம நம்மட ஊர் பழுகாமத்தில, ஊரடங்குக்குள்ள, பாயில இருக்கம்," என்றபடி, வீடியோ அழைப்பில் அவன் அலறிக்கொண்டிருந்த போனை நீட்டினாள் சுகந்தி.

"தெரியும் மகள்," என்றாள் கண்ணகை. "அந்த மனிசன் பத்திரமா இறங்கட்டும், திறக்கிறன்."