சுண்டுவிரல்

நாலாயிரம் அடி உயரத்தில் பயிற்சியாளர் செல்லத்துரை என்ஜின் வேகத்தைக் குறைத்துவிட்டு, விமானத்தின் மூக்கை உயர்த்தச் சொன்னார். இறக்கை நிமிர நிமிர விமானம் உயரம் குறையாமல் நின்றது. ஓர் அளவைத் தாண்டியதும் காற்று இறக்கையை விட்டு விலகியது. விமானம் நடுங்கி விழத் தொடங்கியது.

“மூக்கை இறக்குங்க தம்பி, காத்து திரும்பப் பிடிச்சுக்கும்.”

தெரியும், பரீட்சையில் எழுதித் தேறியிருக்கிறேன். ஆனால் பயத்தில் என் கை விமானத்தின் பிடியை நெஞ்சோடு இழுத்தது.

“இழுத்தா செத்தோம்யா! கையை விடு!”

மூன்று மாதத்துக்கு முன் என் மனைவியின் கட்டிலருகே நர்ஸும் இதையேதான் சொன்னாள்: “கையை விடுங்க சார், அவங்க போயிட்டாங்க.” அன்று என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்கள்.

செல்லத்துரை சுண்டுவிரலில் தொடங்கினார். கண்ணாடி முழுக்க வயல்கள் பெரிதாகிக்கொண்டிருந்தன.